கொலராடோவில் கஞ்சாக் கடை சட்டப்படி நடக்கிறது, குடியுரிமைக்கு மட்டும் அது ஏன் இடைஞ்சல்?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொலராடோ மாநிலத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். கிரீன் கார்டு வைத்திருக்கிறார், குடியுரிமை நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: "எங்கள் ஊரில் கஞ்சாக் கடை பெயர்ப்பலகை மாட்டி, உரிமம் பெற்று, வரி கட்டி நடக்கிறது. ஆனால் நண்பர்கள், அந்தப் பக்கமே போகாதே, குடியுரிமைக்கு ஆபத்து என்கிறார்கள். மத்தியச் சட்டமே மேலானது என்று பாடத்தில் படிக்கிறேன். அப்படியானால் கடை எப்படி நடக்கிறது? கடை நடப்பது சரியென்றால் நான் எதற்குப் பயப்பட வேண்டும்? இதிலெல்லாம் எனக்குக் குரல் உண்டா, அல்லது குடிமகன் ஆகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?"

முதலில் அவசரமான பதில். உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. கஞ்சாவைத் தொடாதீர்கள், அந்தக் கடையில் வேலைக்கும் சேராதீர்கள். குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், மத்தியச் சட்டப்படி குற்றமாக உள்ள கஞ்சா நடவடிக்கை குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை நிபந்தனைக்குத் தடையாகலாம். ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். நேர்காணலில் பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது தனிக் குற்றம்.

இனி காரணத்துக்கு வருவோம். மத்தியச் சட்டம் மேலானது என்பது உண்மை, அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை யார் கையால் நடைமுறைப்படுத்துவது என்பது வேறு கேள்வி. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நாம் இந்தியாவில் வளர்ந்தவர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் 1985-இல் இயற்றியது, ஆனால் மதுரையிலோ திருச்சியிலோ கஞ்சா வைத்திருப்பவரைப் பிடிப்பது தமிழ்நாட்டுக் காவல் துறை. நாடாளுமன்றச் சட்டத்துக்கு மாநிலங்கள் இணங்கி நடக்க வேண்டும் என்று 256-ஆவது பிரிவு சொல்கிறது. 356-ஐப் பயன்படுத்தி மாநில ஆட்சியையே கலைத்ததையும் 1976, 1980, 1991 என்று பார்த்தவர்கள் நாம். அந்த நினைப்போடு அமெரிக்காவைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. இங்கே ஜனாதிபதியால் ஓர் ஆளுநரைப் பதவி நீக்க முடியாது. ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாநிலச் சட்டப்படி தண்டனை பெற்ற ஒருவருக்கு ஜனாதிபதியால் மன்னிப்புக்கூட வழங்க முடியாது.

இது எங்கிருந்து வந்தது? விடுதலைக்குப் பிறகு 13 மாநிலங்களும் 1781-இல் நடைமுறைக்கு வந்த ஒரு கூட்டமைப்பு உடன்படிக்கையின் கீழ் இருந்தன. அதில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்காவின் நாடாளுமன்றத்துக்கு, வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. போர்க் கடனை அடைக்க மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்கலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்ததும் அது விழுந்துவிட்டது. 1786-இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி விவசாயிகள் கடனுக்காக நிலத்தை இழக்கும் நிலையில் நீதிமன்றங்களை மறித்துக் கிளர்ந்தபோது, அடக்குவதற்குக் காங்கிரஸிடம் காசில்லை. பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டு மாநிலப் படையை அனுப்ப வேண்டியதாயிற்று.

1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடி இன்றைய அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்தக் குறையைத்தான் சரிசெய்தார்கள். மாநில அரசுகளைப் பார்த்து "இதைச் செய்" என்று சொல்லிக் காத்திருக்கும் அரசு உருப்படாது, அரசு தனிமனிதர்கள் மீது நேரடியாகச் செயல்பட வேண்டும் என்று அவர்களில் ஒருவரான ஹாமில்டன், அந்த அரசியலமைப்பை ஆதரித்து வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் 15-ஆவது கட்டுரையில் வாதாடுகிறார். ஆகவே மத்திய அரசுக்கு அதன் சொந்த வரி, சொந்த நீதிமன்றம், சொந்த அதிகாரிகள் கிடைத்தார்கள். மாநிலங்களும் தங்கள் வரி, தங்கள் நீதிமன்றம், தங்கள் காவல் துறையோடு அப்படியே நீடித்தன. இருவரும் ஒரே மனிதன் மீது தனித்தனியாக அதிகாரம் செலுத்தலாம், ஆனால் ஒருவருடைய ஊழியரை இன்னொருவர் வேலை வாங்க முடியாது. மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று 1791-இல் வந்த பத்தாவது திருத்தம் எழுதியே வைத்தது.

இது வெறும் தத்துவம் இல்லை. 1993-இல் காங்கிரஸ் ஒரு துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைமை அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்றது. மொன்டானா மாநிலத்தில் ராவல்லி கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், ஜே பிரின்ட்ஸ், "நான் இந்தக் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்தவன், வாஷிங்டன் எனக்கு எப்படி வேலை கொடுக்கலாம்?" என்ற நிலையெடுத்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1997-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அதிகாரிகளை மத்தியத் திட்டத்துக்கு ஏவலாளாக ஆக்கக் கூடாது என்பது இன்றுவரை நிற்கும் சட்டம்.

இப்போது கஞ்சாவுக்கு வாருங்கள். கலிபோர்னியா 1996-இல் வாக்கெடுப்பின் மூலம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 2002-இல் அங்கே ஒரு பெண்மணி தன் முதுகுவலிக்காக வீட்டில் ஆறு செடி வளர்த்து வந்தார். கவுண்டிக் காவலர்களும் மத்தியப் போதைப்பொருள் தடுப்பு முகவர்களும் ஒன்றாக வந்தார்கள். கவுண்டிக் காவலர்கள், "மாநிலச் சட்டப்படி இதில் தவறில்லை" என்றார்கள். மத்திய முகவர்கள் விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அரசுகளின் ஆட்கள் மூன்று மணி நேரம் இழுபறியில் நின்றார்கள். கடைசியில் மத்திய முகவர்கள் தங்கள் கையாலேயே ஆறு செடிகளையும் பறித்து அழித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2005-இல் கொன்சாலஸ் எதிர் ரெய்ச் தீர்ப்பு, ஆறுக்கு மூன்று, மத்திய அரசுக்குச் சாதகம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் இதுவும் அடங்கும் என்றது நீதிமன்றம்.

அந்த வீட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு உண்மைகளும் அங்கே தெரிகின்றன. மத்திய அரசு வந்து பறித்தால் அது சட்டப்படி சரி. ஆனால் கவுண்டிக் காவலரைப் "பறி" என்று அதனால் ஏவ முடியாது. மத்தியப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் முகவர்கள் நாடு முழுவதற்கும் சில ஆயிரம் பேர்தான். மாநில, உள்ளூர்க் காவலர்களோ ஏழு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். மாநிலம் கைகொடுக்காவிட்டால் மத்திய அரசால் ஒவ்வொரு கடையையும் மூட இயலாது. மருத்துவக் கஞ்சா விஷயத்தில் காங்கிரஸே 2014 டிசம்பரிலிருந்து, மாநிலத் திட்டங்களில் தலையிட நீதித் துறை பணம் செலவிடக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டில் நிபந்தனை போட்டு வருகிறது. கடை நடப்பது இதனால்தான். மத்தியச் சட்டம் அங்கே செத்துவிடவில்லை, அதைச் செய்ய ஆள் இல்லை. பெரிய வங்கிகள் பல இந்தக் கடைகளின் பணத்தை வாங்கத் தயங்குவது, அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால்தான்.

உங்கள் நிலைமை வேறு. குடியேற்றமும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில் இருப்பவை. நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர் மத்திய அதிகாரி. கோப்பும் அவருடையது, முடிவும் அவருடையது. நடுவில் எந்த ஷெரிஃபின் உதவியும் அவருக்குத் தேவையில்லை. கடைக்காரரை எட்டாத சட்டம் உங்களை எட்டுவது இப்படித்தான். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஒரே தெருவில், ஒரே செயலுக்கு, ஒருவர் வரி செலுத்தும் வணிகர், இன்னொருவர் வாழ்க்கையையே இழக்கக்கூடியவர் என்ற நிலை என் மனத்துக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், அதை அறிந்து நடந்துகொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு மாநில உரிமை என்றாலே நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1842-இல் ஒரு வழக்கில், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க மாநில அதிகாரிகள் உதவ வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாசசூசெட்ஸ் உடனே தன் அதிகாரிகளும் சிறைகளும் அந்த வேலைக்குப் பயன்படக் கூடாது என்று 1843-இல் சட்டம் போட்டது. அங்கே மாநில உரிமை மனிதர்களைக் காத்தது. மாநில உரிமை பேசிய தென் மாநிலங்களே அப்போது மத்திய அரசின் கையை வலுப்படுத்தும் 1850 சட்டத்தைக் கேட்டு வாங்கின.

அடுத்த நூற்றாண்டில் காட்சி தலைகீழானது. 1957 செப்டம்பர் 4, ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரம். எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயது கறுப்பினச் சிறுமி அதுவரை வெள்ளை மாணவர்கள் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குத் தனியாக நடந்து வந்தார். வீட்டில் தொலைபேசி இல்லாததால், அங்கே சேரவிருந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் சேர்ந்து போகலாம் என்ற தகவல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆளுநர் ஃபாபஸ் நிறுத்தியிருந்த மாநிலத் தேசியக் காவற்படை வெள்ளை மாணவர்களை உள்ளே விட்டது, அவரை மட்டும் மறித்தது. பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே துரத்த, அவர் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் அமர்ந்தார். அந்த மாதக் கடைசியில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதே காவற்படையைத் தன் உத்தரவின் கீழ் எடுத்துக்கொண்டு, 101-ஆவது வான்வழிப் படையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். ஒன்பது மாணவர்களும் அவர்கள் பாதுகாப்பில் உள்ளே போனார்கள். எந்த மாநிலமும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை ஒருவருக்கு மறுக்கக் கூடாது என்று 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் சொல்கிறது. கறுப்பின மக்களின் உயிரும் மானமும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆகையால் மத்திய அரசா மாநில அரசா என்று கட்சி கட்டுவதைவிட, இந்த விஷயத்தில் யாருடைய உரிமை காக்கப்படுகிறது, யாருடையது மிதிக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

பணத்தைக் காட்டி மாநிலங்களை இணங்க வைப்பது மத்திய அரசுக்கு இருக்கும் இன்னொரு வழி. மது அருந்தும் வயதை 21 ஆக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு குறையும் என்று 1984-இல் சட்டம் வந்தது, சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. இதை இத்தோடு விடுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கடை எப்படி வந்தது என்று பாருங்கள். கொலராடோ சட்டமன்றம் அதைக் கொண்டுவரவில்லை. குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி, மாநில அரசியலமைப்புக்கான '64-ஆவது திருத்தம்' என்ற முன்மொழிவை 2012 நவம்பரில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய ஆளுநர் ஹிக்கன்லூப்பர் எதிர்த்தார். மக்கள் நிறைவேற்றினார்கள், அவரே அதை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. அதே திருத்தம், வேண்டாம் என்ற ஊர்கள் கடைகளைத் தடுத்துக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் போன்ற பெரிய நகரமே பல ஆண்டுகள் பொழுதுபோக்குக் கஞ்சா விற்பனையை அனுமதிக்கவில்லை, 2024-இல் வாக்காளர்கள்தான் அதை மாற்றினார்கள். உங்கள் தெருவில் கடை இருக்கலாமா, பள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதெல்லாம் நகர மன்றத்திலும் கவுண்டி ஆணையர்கள் கூட்டத்திலும் முடிவாகிறது.

அந்தக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். குடியுரிமைச் சான்றிதழைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். பள்ளி வாரியக் கூட்டமும் அப்படித்தான். நம்மவர்கள் பலர் ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தை நள்ளிரவுவரை பார்க்கிறார்கள், பிள்ளைகளின் பாடத்திட்டத்தையும் பள்ளி வரியையும் முடிவுசெய்யும் வாரியக் கூட்டத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். கிரீன் கார்டு உள்ளவர் கூட்டத்தில் பேசலாம், மனு கொடுக்கலாம், பிரதிநிதிக்கு எழுதலாம், வேட்பாளருக்குச் சட்டப்படி நன்கொடையும் கொடுக்கலாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வாக்காளராகப் பதிவு செய்துவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்திலேயே வாக்காளர் பதிவு பற்றிக் கேட்கலாம், வாக்காளர் பதிவுக்காக 1993-இல் வந்த மத்தியச் சட்டத்தின் ஏற்பாடு அது. எதிரில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும், குடிமகனா என்ற கேள்விக்கு "இல்லை" என்பதைப் பார்த்துக் குறியிடுங்கள். குடிமகன் ஆகாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடுகடத்தல்வரை கொண்டுபோய்விடும். தெரியாமல் செய்தேன் என்பது பல நேரம் எடுபடுவதில்லை.

உறுதிமொழி எடுத்த பிறகு தாமதிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். கொலராடோவில் வாக்குச்சீட்டு அஞ்சலில் வீட்டுக்கே வரும். மாநில அளவிலான முன்மொழிவு ஏதாவது வாக்கெடுப்பில் இருந்தால், அதற்கு முன்பே 'நீலப் புத்தகம்' என்று எல்லோரும் சொல்லும் கையேடும் வரும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஆதரவான வாதம், எதிரான வாதம், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு மாலை ஒதுக்கி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்துவிட்டு வாக்குச்சீட்டை நிரப்புங்கள். நேர்காணல் நல்லபடியாக முடியட்டும், முடிந்ததும் எழுதுங்கள்.