தூள் என்ன நிறம் என்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சுவரில் ஓட்டை போட்டு ஒரு சாமானை மாட்டுவது பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் வீட்டிலேயே ஒரு ஸ்க்ரூ இருக்கும், தொட்டால் ஆடும். துணிக்கொடியின் கொக்கியாக இருக்கலாம், குளியலறையில் துண்டு போடுகிற கம்பியாக இருக்கலாம். அது ஆடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் காய்ந்த துண்டை அதில் போடுவீர்கள், ஈரத் துண்டைக் கதவில் போடுவீர்கள். அந்த ஸ்க்ரூவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்கள், "அண்ணே, நல்ல ஸ்ட்ராங்கா ஒரு ஸ்க்ரூ குடுங்க" என்பார்கள். "என்ன சுவர்?" என்று நான் கேட்பேன். "சுவர்னா சுவர்தாண்ணே, போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சது" என்று பதில் வரும். பெயிண்ட்டுக்குப் பின்னால் பூச்சு இருக்கிறது, பூச்சுக்குப் பின்னால் செங்கல் இருக்கிறது. அது நாட்டுச் செங்கலா, சேம்பர் செங்கலா, சாம்பல் கல்லா, உள்ளே பொள்ளலாக இருக்கும் ஹாலோ பிளாக்கா? இது தெரியாமல் ஸ்க்ரூ கேட்பது, அளவு சொல்லாமல் செருப்புக் கேட்பது மாதிரி.

கீசர் சமாசாரம் ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஓர் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரோடு கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, பேச்சிலேயே தெரிந்தது. கவரைக் கவிழ்த்தார். பிளக்கோடு, அதாவது ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் சுவர் ஓட்டைக்குள் செருகுகிற சின்னக் குழலோடு, சேர்ந்து கழன்று வந்த ஸ்க்ரூக்கள் கல்லாப் பெட்டிமேல் விழுந்தன. "தம்பி, கீசர் ஒரு பக்கமாச் சாஞ்சு பைப்புல தொங்குது. இந்த ஸ்க்ரூ மட்டமான சரக்கு. இதைவிடத் தடியா ஒண்ணு குடுங்க" என்றார். ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தேன். வளையவில்லை, உடையவில்லை, மரை தேயவில்லை. குற்றம் அதனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து பிளக்கைப் பார்த்தேன். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பிளக். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கிறது. நுனியில் மட்டும், நகக்கண் அளவுக்குச் சிவப்பு.

"அம்மா, உங்க பாத்ரூம்ல டைல்ஸ் இருக்கா?" என்றேன். "இருக்கு, மேல் வரைக்கும்" என்றார். கணக்கு முடிந்தது. டைல்ஸ் 8 மில்லிமீட்டர். அதை ஒட்டுவதற்கு வைத்த சிமெண்ட் கலவை ஒரு 20 மில்லிமீட்டர். ஆக 28 மில்லிமீட்டர் போன பிறகுதான் செங்கலே ஆரம்பிக்கிறது. 35 மில்லிமீட்டர் பிளக்கில் செங்கலுக்குள் போனது 7 மில்லிமீட்டர். 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ, அதற்கு மேல் கீசரின் எடை. இவ்வளவையும் அந்த 7 மில்லிமீட்டர் தாங்கவேண்டும். இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

அந்த அம்மாவுக்குத் தடியான ஸ்க்ரூ கொடுக்கவில்லை, நீளமானது கொடுத்தேன். நீள நைலான் பிளக்கும் அதற்கேற்ற ஸ்க்ரூவும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லும்படி ஒன்று சொல்லி அனுப்பினேன்: சிவப்புத் தூள் வர ஆரம்பித்த பிறகு இன்னும் இரண்டு அங்குலம் போகவேண்டும். பேச்சுக்குத் தலைப்பு என்ன என்று வானொலி நிலையத்தில் கேட்டபோது இதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். தூள் என்ன நிறம் என்று பாருங்கள்.

டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைத்ததும் முதலில் வெளுத்த சாம்பல் நிறத்தில் தூள் வரும். அது பூச்சு. உள்சுவரில் பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். நம் கொத்தனார்கள் சுவர் கோணலாக இருந்தால் அதைப் பூச்சிலேயே சரிக்கட்டிவிடுவார்கள், அங்கே ஓர் அங்குலம்கூட இருக்கும். பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அப்புறம் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சிவப்பு வராமல் சாம்பல் நிறத்திலேயே மணல் மணலாகக் கொட்டிக்கொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். பிட், அதாவது மெஷினில் மாட்டி ஓட்டை போடுகிற கம்பி, திடீரென்று வழுக்கி உள்ளே ஓடினால் ஹாலோ பிளாக், அல்லது கல்லுக்கு நடுவே சாந்து நிரம்பாத இடம். மாவு மாதிரி நைசாக வெள்ளைத் தூள் வந்து, பிட் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் கான்கிரீட். ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்டால் அங்கே லிண்டல் என்கிற கான்கிரீட் உத்திரம் ஓடும், அதில் இப்படித்தான் வரும். சாம்பல் கல்லில் கட்டிய வீட்டில் மட்டும் நிறம் உதவாது. பூச்சும் சாம்பல், கல்லும் சாம்பல். அங்கே கைதான் சொல்லவேண்டும். பூச்சில் பொசுக்கென்று போகும், கல்லில் ஒரே சீராக எதிர்க்கும்.

தூள் தரையில் கொட்டாமல் இருக்க, கிழித்த காலண்டர் தாளை மடித்து ஓட்டைக்குக் கீழே டேப்பால் ஒட்டிவிடுங்கள். வீட்டில் திட்டும் குறையும், நிறமும் தெளிவாகத் தெரியும்.

சரி, இந்த பிளக் எங்கிருந்து வந்தது? நூறு வருடத்துக்கும் முன்னால் எல்லா ஊரிலும் ஒரே முறைதான். உளியால் சுவரில் பெரிய ஓட்டை கொத்துவார்கள், ஒரு மரக்கட்டையை அடித்து இறக்குவார்கள், சுற்றிச் சாந்து பூசுவார்கள், அந்தக் கட்டையில் ஸ்க்ரூ போடுவார்கள். நம் பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இன்றைக்கும் அந்தக் கட்டை இருக்கும். 1910-ஐ ஒட்டி லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்கிற காண்டிராக்டருக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்களைப் பொருத்துகிற வேலை கிடைத்தது. அங்கே போய் உளியால் கொத்த முடியுமா? சுவர் சேதமாகக்கூடாது, மாட்டியது நிற்கவும் வேண்டும். அவர் சணல் நாரை விலங்கு ரத்தம் கலந்த பசையால் குழாய்போல இறுக்கிச் சின்ன பிளக் செய்தார். ஸ்க்ரூ ஏற ஏற அது விரிந்து சுவரை அழுத்தும். அவருடைய கம்பெனி விற்ற ராவல்பிளக்தான் நம் ஊர்க் கடைவரை வந்து சேர்ந்தது. நாமும் எந்தக் கம்பெனி பிளக்கையும் ராவல்பிளக் என்றே கேட்கிறோம்.

அப்புறம் 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் நைலானில் ஒரு பிளக் செய்தார். அடிப்படையில் பூட்டு, இரும்பு வேலை பழகியவர். ஆயிரத்துக்கு மேல் காப்புரிமை வாங்கினார். பக்கவாட்டில் இரண்டு காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே அந்தச் சாம்பல் நிற பிளக், அது அவருடைய யோசனை. ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றாமல் பிளக்கை ஓட்டைக்குள் நிலையாக நிறுத்துவது அந்தக் காதுதான். இன்றைக்குப் பழைய வாளியை உருக்கின பிளாஸ்டிக்கிலும் பிளக் வருகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், விரலால் வளைத்தால் வெளுத்துப் போகும். விலை வித்தியாசம் சில்லறைக் காசு. கீசர் மாட்ட அதையா வாங்குவது?

இப்போது கான்கிரீட் ஸ்க்ரூ. யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் மாட்ட வருகிறவர்கள் பையில் பார்த்திருப்பீர்கள். நீளமாக, பிளக்கே இல்லாமல், நேராகச் சுவருக்குள் திருகுவார்கள். தலையில் நட்சத்திரம் மாதிரிப் பள்ளம் இருக்கும். அமெரிக்காவில் டாப்கான் என்று நீல நிறத்தில் வருவதும் இதே வகை. பிளக் விரிந்து அழுத்தித்தான் நிற்கிறது. இது விரியாது. கடினமாக்கிய எஃகு மரை, சுவரிலேயே தனக்கு வேண்டிய மரையை வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. விரிகிற அழுத்தம் இல்லாததால் ஜன்னல் ஓரத்தில் கல் பிளப்பது குறையும். வேண்டாம் என்றால் கழற்றிக்கொள்ளலாம். ஜன்னல்காரர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம் உண்டு. நீளம் முழுக்க மரை இருப்பதால் சட்டத்தையும் பிடிக்கும், சுவரையும் பிடிக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் சட்டத்தை இழுத்து வளைக்காது.

ஆனால் ஓட்டை விஷயத்தில் இது கறார். பிளக் என்றால் ஓட்டை அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டாலும் எப்படியோ சமாளிக்கும். இதில் அது நடக்காது. மரை வெட்டிக்கொள்வதற்குச் சுவரில் சரியான அளவு மிச்சம் இருக்கவேண்டும். 7.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 6 மில்லிமீட்டர் பிட். அமெரிக்கக் கால் அங்குல ஸ்க்ரூவுக்கு 3/16 அங்குல பிட். பெட்டிமேலேயே அச்சடித்திருக்கும். அதைப் படிக்காமல், "6-க்குப் பதிலா மெஷின்ல 8 மாட்டியிருக்கு, அதுலயே போட்டுடறேன்" என்று யாராவது சொன்னால் மெஷினை வாங்கி வைத்துவிடுங்கள். நுனி தேய்ந்த பிட்டும் ஆகாது. அது ஓட்டையைச் சிறிதாக்கிவிடும், பாதியில் இறுகி ஸ்க்ரூவின் கழுத்து முறியும். கடினமான எஃகு வளையாது, முறியத்தான் செய்யும். முறிந்த துண்டைச் சுவரிலிருந்து எடுக்கிற வழி என்னிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் வேறு ஓட்டை போடுவதுதான் வழி.

ஆழத்துக்கு ஒரு கணக்கு, மனதிலேயே போடலாம். 50 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. மாட்டுகிற பிராக்கெட்டின் தடிமன் 3. சுவருக்குள் போவது 47. அதில் பூச்சுக்கு 12 கழித்தால் செங்கலுக்குக் கிடைப்பது 35. பரவாயில்லை. ஓட்டையை மட்டும் 47-க்கு மேல் இன்னும் 10 மில்லிமீட்டர் ஆழமாகப் போடவேண்டும். மரை வெட்டும்போது உதிர்கிற தூளுக்கு அடியில் இடம் வேண்டுமல்லவா? இடம் இல்லாவிட்டால் ஸ்க்ரூ பாதியில் நின்றுவிடும், நாம் முறுக்கி முறுக்கி வெட்டின மரையையே அழித்துவிடுவோம். பிட்டில் 57 மில்லிமீட்டர் அளந்து, அங்கே இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். அப்புறம் தூளை வெளியேற்றவேண்டும். வாயால் ஊதினால் கண்ணில்தான் விழும். சைக்கிள் பம்ப் போதும், டியூபை உள்ளே விட்டு நாலு அடி.

தலை பிராக்கெட்டில் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு சுத்து, இறுக்கமா இருக்கட்டும்" என்கிற அந்த ஒரு சுற்றில்தான் மரை அழிகிறது. செங்கலில் இதைக் கையால் உணரலாம். இறுகிக்கொண்டே வந்த ஸ்க்ரூ திடீரென்று லேசாகச் சுற்றும். அப்படிச் சுற்றினால் அந்த ஓட்டையை மறந்துவிடுங்கள். அதே ஸ்க்ரூவை மறுபடி அதில் போடுவது வீண்.

எல்லாச் சுவருக்கும் கான்கிரீட் ஸ்க்ரூ ஆகுமா என்றால், ஆகாது. நன்றாக வெந்த செங்கல், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்குமே, அதில் ஆகும். கான்கிரீட்டில் ரொம்ப நன்றாக ஆகும். வேகாத, நகத்தால் கீறினால் கோடு விழுகிற கல்லில் ஆகாது. மண்சாந்து வைத்துக் கட்டின பழைய சுவரில் ஆகாது. இப்போது அடுக்குமாடிகளில் வெள்ளையாகப் பெரிது பெரிதாக ஏஏசி பிளாக் வைக்கிறார்கள். அலுமினியப் பொடி போட்டு உள்ளே குமிழி எழுப்பிச் செய்வது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதில் மெஷினின் ஹேமரை, அதாவது இடித்து இடித்துப் போகிற வேலையை, அணைத்துவிட்டுச் சும்மா சுற்றி ஓட்டை போடவேண்டும், அதற்கென்றே வருகிற நைலான் பிளக்கைப் போடவேண்டும். ஹாலோ பிளாக்கிலும் ஹேமர் வேண்டாம், உள்பக்கச் சுவர் பெயர்ந்து உள்ளே விழுந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலமாரிப் பலகைக்கு உயரமான பிராக்கெட் வாங்குங்கள். பலகையில் 20 கிலோ, சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பிராக்கெட் ஆறு அங்குல உயரம் என்றால் மேல் ஸ்க்ரூவை வெளியே இழுப்பது 20 கிலோ. அதுவே ஓரடி உயர பிராக்கெட் என்றால் 10 கிலோதான். ஸ்க்ரூவை மாற்றாமலே பாதி பாரம் குறைந்துவிட்டது.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும். குழாய்க்கு நேர் மேலேயும் அப்படித்தான். எப்படியிருந்தாலும் அந்த அறைக்குக் கரண்ட்டை நிறுத்துகிற எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வெளிச்சுவருக்குச் சாதா ஸ்க்ரூ போடவேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் 316 என்று கேட்டு வாங்குங்கள்.

ஊஞ்சல், குழந்தைத் தூளி இரண்டுக்கும் நான் இன்று சொன்ன எதுவும் பொருந்தாது. ஆடுகிற பாரம் நிற்கிற பாரத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். ஸ்லாப் போடும்போதே கம்பியோடு கட்டிவிட்ட கொக்கி இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விளக்கை அணைக்கப் போகிறார்கள். வணக்கம்.