அட்டைப் பாறையும் இரவல் குரலும்

வணக்கம் நேயர்களே.

ஆளுயரப் பாறை ஒன்று. எண்ணெய் பூசிய தோள்களோடு ஒருவர் அதைக் கட்டிப்பிடிக்கிறார். நரம்பு புடைக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, மெல்லத் தலைக்கு மேல் தூக்கி எதிரிகள் மேல் எறிகிறார். விழுந்த பாறை பந்துபோல் ஒரு துள்ளு துள்ளி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குள் எதிரிகள் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள்!

இத்தாலியில் 1958 முதல் ஏழெட்டு ஆண்டுகள் இத்தகைய படங்கள் சரம்சரமாக வெளிவந்தன. பண்டைக் கிரேக்கப் பெண்கள் உடுத்திய ஆடையின் பெயரால் இவற்றை ‘பெப்ளம்’ என்று பிரெஞ்சு விமர்சகர்கள் அழைத்தார்கள். கேலி கலந்த பெயர்தான்.

அலையைத் தொடங்கிவைத்தது, கிரேக்கப் புராண பலசாலி ஹெர்குலிஸை வைத்து பியெட்ரோ பிரான்சிஸ்கி இயக்கிய படம். நாயகன் ஸ்டீவ் ரீவ்ஸ். 1947இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950இல் மிஸ்டர் யுனிவர்ஸ். நடிப்பை அவருடைய தோள்கள் பார்த்துக்கொண்டன. ஜோசப் லெவின் என்ற அமெரிக்க விநியோகஸ்தர் அதைச் சொற்ப விலைக்கு வாங்கி, விளம்பரத்துக்கு மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து 1959இல் நாடெங்கும் திரையிட்டார். பணம் கொட்டியது. அதன்பின் ரோம் நகரில் புஜம் பருத்த எவருக்கும் வேலை இருந்தது. கிர்க் மோரிஸ் என்று சுவரொட்டியில் அச்சான நாயகனின் உண்மைப் பெயர் அட்ரியானோ பெல்லினி. வெனிஸ் நகரின் கால்வாய்களில் படகு ஓட்டியவர்.

அவர் நடித்த ஒரு படத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மாசிஸ்டே என்ற பலசாலிப் பாத்திரம் 1914இலேயே இத்தாலியப் பேசாப்படத்தில் பிறந்துவிட்டது. முதலில் அந்த வேடமிட்டவர் ஜெனோவா துறைமுகத் தொழிலாளி. அந்த மாசிஸ்டே, ரிக்கார்டோ பிரெடா இயக்கிய 1962ஆம் ஆண்டுப் படத்தில், 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்கிறார். ஊரே குளிருக்கு மூடிப் போர்த்தியிருக்க, இவர் மட்டும் இடுப்புத் துணியோடு. ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று படம் விளக்குவதில்லை. ஒரு மரத்தை வேரோடு பிடுங்கி, அந்தக் குழி வழியாக நரகத்துக்கு இறங்கிவிடுகிறார். எனக்கு அந்த விளக்கமின்மைதான் பிடித்திருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது நாம் குறுக்கே கேள்வி கேட்டோமா?

காசு இல்லாத இடத்தில் கற்பனை என்ன செய்யும் என்று காட்டியவர் மாரியோ பாவா. பிரான்சிஸ்கியின் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான். 1961இல் தாமே ஒரு ஹெர்குலிஸ் படத்தை இயக்கினார். கதவும் சன்னலும் வைத்த ஒரு சுவர்த் துண்டு, இடம் மாற்றக்கூடிய நான்கு தூண்கள், அவற்றை வைத்தே அரங்குகளை ஒப்பேற்றியதாகச் சொல்வார். தூண்களை நகர்த்தினால் அரண்மனை. இன்னொரு பக்கம் நகர்த்தி, புகையைப் பரப்பி, பச்சையும் சிவப்பும் நீலமுமாக விளக்கைப் பாய்ச்சினால் பாதாள லோகம். பணத்தை வாரியிறைத்து எடுத்த பல படங்களில் அப்படியொரு நரகத்தை நான் பார்த்ததில்லை. அதே படத்தில் கல்லால் ஆன அசுரன் ஒருவன் வருகிறான். கல்லுக்குரிய நிதானத்தோடு பேசுவான், நடப்பான். பார்த்ததும் சிரித்துவிடுவீர்கள். சிரித்துக்கொண்டே அடுத்த காட்சியின் அழகில் வாயடைத்துப் போவீர்கள். இரண்டும் ஒரே படத்தில், அடுத்தடுத்து.

இந்தச் சுவையை ஆங்கிலத்தில் ‘கேம்ப்’ என்பார்கள். மட்டமான படத்தைப் பார்த்து ஏளனம் செய்வது அல்ல அது. திரையில் யாருமே சிரிப்பதில்லை, கவனித்தீர்களா? அட்டைப் பாறையைத் தூக்குபவர் உயிரைக் கொடுத்துத் தூக்குகிறார். நமக்குச் சிரிப்பு வருவதும், கூடவே ஒரு பாசம் வருவதும் அந்த முனைப்பால்தான். இன்று சிலர் வேண்டுமென்றே பாறையைத் துள்ளவிட்டு நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். சரக்கு எடுபடுவதில்லை.

வானொலியில் பேசுவதால் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய இத்தாலியில் படப்பிடிப்பின்போது ஆளுக்கொரு மொழியில் பேசி நடிப்பார்கள். குரலைப் பின்னால் சேர்ப்பார்கள். அதனால் அமெரிக்கரான ரீவ்ஸுக்கே ஆங்கிலப் பதிப்பில் வேறொருவர் குரல். பாவாவின் படத்தில் வில்லன் கிறிஸ்டோபர் லீ. குரலுக்கென்றே பேர்போன மனிதர். அவருக்கும் இரவல் குரல்தான்!

அந்தப் படத்தின் ஹெர்குலிஸ், ரெக் பார்க் என்ற ஆங்கிலேய ஆணழகர். அவரைப் போல் ஆக வேண்டும் என்று ஆஸ்திரியாவில் ஒரு பையன் இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். அமெரிக்கா போனான். 1970இல் வெளிவந்த மலிவுப் படம் ஒன்றில் அவனும் ஹெர்குலிஸ் ஆனான். ஸ்வார்ட்ஸ்னெகர் என்ற பெயர் வாயில் நுழையாது என்று படத்தில் ஆர்னால்ட் ஸ்ட்ராங் என்று போட்டார்கள். குரலா? வழக்கம்போல் வேறொருவருடையது.