கொதிக்காத தண்ணீரில் வேகும் கோழி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் உணவங்காடிகளில், வேகவைத்த கோழிகளைத் தோலோடு கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கும் கடை ஒன்றாவது கண்ணில் படும். அங்கே சிக்கன் ரைஸ் என்றால் பெரும்பாலும் அதுதான், ஹைனான் கோழிச்சோறு. பார்வைக்கு ஒன்றுமே இருக்காது. வெளுத்த கோழி, சோறு, நாலு வெள்ளரித் துண்டு, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்டினி. மசாலா கிடையாது. அதனாலேயே கைத்தவறு எதையும் இதில் மூடி மறைக்க முடியாது.

சீனாவின் தென்கோடியில் இருக்கிற ஹைனான் தீவில் வென்சாங் கோழி பேர்போனது. அந்தத் தீவுக்காரர்கள் மற்ற சீனர்களுக்குப் பிந்தித்தான் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். பெரிய வணிகங்களில் அதற்குள் மற்றவர்கள் காலூன்றிவிட்டதால், பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஓட்டல்களிலும் சமையலுக்குப் போனார்கள். சிங்கப்பூரின் மிடில் ரோடு வட்டாரம் அவர்கள் குடியிருந்த பகுதி. அங்கே இருந்த ஸ்வீ கீ என்ற கடைதான் இந்தச் சாப்பாட்டை ஊரறியச் செய்தது. 1997இல் அது மூடப்பட்டது. தாய்லாந்தில் இதே சாப்பாடு காவ் மன் காய். மலாக்காவில் சோற்றை உருண்டை பிடித்து வைப்பார்கள்.

என்னைக் கேட்டால், இதில் சோறுதான் முதல், கோழி இரண்டாவது. ஆனால் சோற்றுக்கு வேண்டிய கொழுப்பும் தண்ணீரும் கோழியிலிருந்து வருவதால் அங்கிருந்து தொடங்குவோம்.

ஒன்றரைக் கிலோ முழுக்கோழி, தோலோடு வேண்டும். தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் சொல்லாவிட்டால் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள். "தோலோட, முழுசா, வயித்துக் கொழுப்பையும் எடுக்காம கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மஞ்சள் கொழுப்பை வீட்டில் பிய்த்துத் தனியே எடுத்து வையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்த கோழியானால் அரைமணி நேரம் வெளியே வைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நடுவில் சில்லிட்டிருந்தால் தொடை எலும்பு ஓரம் வேகாமல் நிற்கும்.

கோழி முழுதும் மூழ்கும் ஆழமான பாத்திரத்தில் சுமார் நாலு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி ஒரு பெரிய துண்டு, நாலு வெங்காயத்தாள். நன்றாகக் கொதித்ததும் கோழியை நெஞ்சுப்பக்கம் கீழாக இறக்குங்கள். அரை நிமிடத்தில் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, வயிற்றுக்குள் புகுந்த தண்ணீரை வடித்து மறுபடி இறக்குங்கள். இப்படி மூன்று முறை. இது சடங்கு இல்லை. உள்ளே புகுந்த தண்ணீர் கோழியின் குளிரில் ஆறிப்போய் அங்கேயே தங்கிவிட்டால், வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் சூடான தண்ணீர் உள்ளே போகிறது.

பிறகு அடுப்பை ஆகக் குறைத்து மூடுங்கள். தண்ணீர் 80, 85 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்: எப்போதாவது ஒரு சின்னக் குமிழி மேலே வரலாம், தளதளவென்று கொதிக்கவே கூடாது. கொதித்தால் நெஞ்சுக்கறியின் தசைநார் சுருங்கி, உள்ளே இருக்கும் சாறு முழுதும் பிழிந்து வெளியே வந்துவிடும். தோலும் கிழியும். முப்பது நிமிடம் இப்படி வைத்து, அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். தொடை இடுக்கில் குத்திப் பார்த்தால் தெளிந்த நீர் வர வேண்டும். வெப்பமானியில் 75 டிகிரி காட்ட வேண்டும். சிவந்த நீர் வந்தால் மறுபடி குறைந்த தீயில் பத்து நிமிடம். கடைகளில் சில சமயம் எலும்பு ஓரம் சிவப்பாகவே பரிமாறுவார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

அடுத்து ஐஸ் குளியல். குடிதண்ணீரில் செய்த ஐஸ்கட்டிகளும் தண்ணீரும் நிறைந்த பாத்திரத்தில் கோழியைப் பதினைந்து நிமிடம் அமிழ்த்துங்கள். உள்சூட்டில் மேலும் வேகாமல் நின்றுவிடும். தோலும் இறுகி வழுவழுப்பாகும், அதற்கும் கறிக்கும் நடுவே மெல்லிய ஜெல்லி உறையும். கோழிச்சோறு பிரியர்கள் தேடுவது அந்த ஜெல்லியைத்தான். எடுத்துத் துடைத்து, ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் கலந்து தடவுங்கள். சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது; நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அந்த வாசம் அதில் வராது.

கோழி ஐஸில் இருக்கும்போதே சோற்றைப் பாருங்கள். தாய்லாந்து மல்லிகை அரிசி மூன்று கப், மூன்று முறை கழுவி, சல்லடையில் இருபது நிமிடம் வடிய வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். ஈரம் வடியாத அரிசி கொழுப்பில் வறுபடாது, வெந்துவிடும், சோறு குழையும். எடுத்து வைத்த கொழுப்பை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறு தீயில் உருக்குங்கள். தண்ணீர் வற்றி, கொழுப்பு இளகி, பொன்னிறச் சக்கை மிஞ்சும். மூன்று மேசைக்கரண்டி கொழுப்பு போதும், குறைந்தால் கடலை எண்ணெய் சேர்க்கலாம். அதில் பொடியாக நறுக்கிய ஆறு பல் பூண்டும் ஓரங்குல இஞ்சியும் வாசம் வரும்வரை மட்டும் வதக்குங்கள். பூண்டு சிவந்தால் சோறு கசக்கும். அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, கோழி வெந்த தண்ணீர் மூன்றேகால் கப், அரைத் தேக்கரண்டி உப்பு, முடிச்சுப் போட்ட இரண்டு ரம்பை இலை (பாண்டன் என்கிற வாசனை இலை) சேர்த்து ரைஸ் குக்கரில் வையுங்கள். வெந்ததும் பத்து நிமிடம் திறக்காதீர்கள்.

பாஸ்மதியில் செய்யலாம், ஆனால் அதன் வாசம் ரம்பையோடு முட்டும். சோனா மசூரி பச்சரிசி பரவாயில்லை. பழைய அரிசியானால் தண்ணீர் அதிகம் குடிக்கும், நாலரை கப் வரை போகும். புழுங்கலரிசி வேண்டாம்.

சட்டினிக்குப் பழுத்த சிவப்பு மிளகாய் எட்டு, பூண்டு ஐந்து பல், இஞ்சி ஓரங்குலம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, சூடான கோழித் தண்ணீர் நாலு மேசைக்கரண்டி. கொரகொரப்பாக அரைத்து, ஆறிய பிறகு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். வரமிளகாயில் இந்தப் பச்சை வாசம் கிடைக்காது. பக்கத்தில் கெட்டியான கறுப்பு சோயா சாஸ் கொஞ்சம்.

கோழியை வெட்டிய பின் மிஞ்சும் முதுகெலும்பையும் கழுத்தையும் அதே தண்ணீரில் போட்டு நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டு, முட்டைக்கோஸும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்தால் சூப். இங்கே கொதிக்கவிடலாம், தடையில்லை. சோறு மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் முட்டை சேர்த்து வறுக்கலாம். கொழுப்பும் உப்பும் ஏற்கெனவே இருப்பதால் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும், சோயா சாஸை ருசி பார்த்த பிறகே ஊற்றுங்கள். நன்றி, வணக்கம்.