விமானத்தின் மொத்த ஆயிலையும் வெளியே தள்ளும் குட்டிப் பனிக்கட்டி!

[திரையில்: ஆயில் வழியும் விண்ட்ஷீல்டு]

கடுங்குளிரில் பறக்கும் ஒரு சின்ன பிஸ்டன் விமானம். டேங்க் நிறைய எரிபொருள், இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நடுவானில் ஆயில் முழுக்க முன்பக்கமாகக் கொட்டுகிறது! காரணம்? ஒரு குழாயின் வாயில் உறைந்த கொஞ்சம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் மழையில் வந்ததில்லை, இன்ஜினே தயாரித்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், கணக்கு சரிதான். பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டுக்குள், நழுவும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். குழாயின் நுனி குளிர்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அங்கே ஆவி உறைந்து உறைந்து வழியை அடைத்துவிடும். அப்புறம் கிராங்க்கேஸ், விசில் அடைத்துக்கொண்ட குக்கர்தான். அழுத்தம் ஏறி, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் பிடுங்கிக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு ஓட்டை! இன்ஜின் மூடிக்குள், சூடான இடத்தில், அதே குழாயில் சின்னதாக ஒரு கீறல். நுனி அடைத்தாலும் ஆவி இந்த வழியாகப் போய்விடும். இவ்வளவு மலிவான உயிர்காப்பு விமானத்தில் வேறு இல்லை என்பேன். உங்கள் விமானத்தில் அது இருக்கிறதா, யாராவது டேப் சுற்றி மூடிவிட்டார்களா என்று பாருங்கள்.

[திரையில்: ஹீட்டர் குழாய் மாட்டிய இன்ஜின்]

அடுத்தது, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சூடேற்றுவது. எந்தக் குளிருக்குக் கீழே இது கட்டாயம்? இன்ஜின் தயாரிப்பாளர்களில், பெரும்பாலான இன்ஜின்களுக்கு லைகமிங் சொல்லும் எல்லை மைனஸ் 12 டிகிரி செல்சியஸ், கான்டினென்டல் சொல்வது மைனஸ் 7. அலாஸ்காவின் பழைய பைலட்டுகள் ராத்திரி ஆயிலை வடித்து, காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றுவார்கள். அழகான காட்சி, ஆனால் ஆயில் மட்டும் சூடானால் போதாது. கிராங்க்கேஸ் அலுமினியம், அதற்குள் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் எஃகு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் குளிரில் பேரிங் இடைவெளி குறுகி, ஆயில் நுழையவே இடம் இருக்காது. ஐந்து நிமிடம் சூடான காற்றை அடித்துவிட்டு சாவியைத் திருப்புவது ஏமாற்று வேலை. சிலிண்டர் சூடாகியிருக்கும், உள்ளே ஷாஃப்ட் ஜில்லென்றே கிடக்கும்.

இறக்கையில் உறைபனியா? சொரசொரப்பான மெல்லிய படலமே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். முழுக்கத் துடைத்தால்தான் பறக்கலாம், பேரமே கிடையாது. வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள். அது இறக்கையின் அசையும் பாகங்களின் கீல்களுக்குள் ஓடி அங்கே உறையும். விமானம் குளிரில் நிற்கும்போது பேட்டரியைக் கழற்றிக் கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

கேபின் ஹீட்டர் போடுபவர்களுக்கு ஒன்று. பெரும்பாலான சின்ன விமானங்களில் அந்தச் சூடு சைலன்சரைச் சுற்றிவரும் காற்றிலிருந்து வருகிறது. சைலன்சரில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும், வாசனையே இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை முதலில் வாங்கி மாட்டுங்கள், லைக் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.