இடது கட்டைவிரலுக்கு ஒரு வேலை

அனைவருக்கும் வணக்கம். வாசகர் வட்டம் என்றால் புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆனால் ஜனவரி, சாலைப் பாதுகாப்பு மாதம். யாராவது வண்டியைப் பற்றிப் பேசியாக வேண்டுமாம். என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முன்பின் தெரியாதவர்கூட "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்துவார். "அக்கா, துப்பட்டா!" என்பார். பகலில் லைட் எரிந்தால் எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போவார். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக், ஸ்கூட்டரில் லைட்டை அணைக்கச் சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் எரியும். இன்றும் எனக்கு விரல் விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நின்று விளக்கவா முடியும்? தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

இப்போது பல புது ஸ்கூட்டர்களில் ஸ்டாண்டை எடுக்காவிட்டால் இன்ஜினே கிளம்பாது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019-இலிருந்து ஏபிஎஸ் பிரேக், அதாவது சடாரென்று பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காத பிரேக், கட்டாயம். நல்லதுதான். ஆனால் இதெல்லாம் முதலில் ஓட்டுகிறவன் விழாமல் இருக்க. எதிரே வருகிறவன் கண்ணைக் காப்பாற்றும் வேலை மட்டும் இன்னும் நம் இடது கட்டைவிரலிடம்தான் இருக்கிறது. தூரத்துக்கு அடிக்கும் ஹை பீம், கீழே சாலையில் விழும் லோ பீம், இரண்டையும் மாற்றுகிற சுவிட்ச் அங்கேதான். ஹாரனும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதை நாம் யாரும் மறப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஹெல்மெட் போடாவிட்டால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஆயிரம் ரூபாய். வாரைப் பூட்டினால்தான் அது போட்டதாகவே கணக்கு. காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே போகிறவர்களை என்ன கணக்கில் சேர்ப்பது என்பது வேறு விஷயம். லைட்டுக்கும் விதி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால் நிற்பவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் கூசக் கூடாது. இருட்டில் டேப் பிடித்து இதை யார் அளப்பது? வெறுந்தலை கேமராவில் விழும், கூசிய கண் விழாது. என் தலைக்கு நான் செய்யும் கேட்டுக்கு ரசீது வருகிறது, அடுத்தவன் கண்ணுக்குச் செய்வதற்கு வருவதில்லை. ஹெல்மெட் அபராதம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிடிக்கச் சுலபமான தப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம் அடித்திருப்பார்கள். நாலு வழிச் சாலைகளில் நடுவே அரளி வளர்க்கிறார்களே, அதுவும் எதிர் வெளிச்சத்தை மறைக்கத்தான். ஆடு மாடும் அதைக் கடிக்காது. கிராமச் சாலைக்கு அரளி ஏது? அங்கே ஹை பீமோடு ஒரு கார் வந்தால் இரண்டு மூன்று விநாடி நாம் குருடர்தான். அந்த நேரத்தில் ஓரமாக யாராவது நடந்து வந்தால்?

சரி, நானே செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, தெனமும் ராத்திரி என் கண்ணுல அடிச்சுக்கிட்டே வர்றியே, என் மேல ஏதும் கோபமா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் மீட்டரை உற்றுப் பார்த்தேன். வண்டி வாங்கிய அன்று பூஜை போட்டு, ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அது சரியாக ஹை பீமைக் காட்டும் நீல விளக்கின் மேல். எத்தனை வருஷம் அப்படி ஓட்டினேனோ!

வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே அதைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது. இப்போதும் மறந்துபோய் ஹை பீமில் விட்டால், மீட்டரில் தும்பிக்கை மட்டும் நீலமாகத் தெரிகிறது.