வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்தில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அடித்தட்டில் ஒரு மூட்டை இருக்கும். நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள். எந்தப் புடவைக்கும் நிறம் சேராது. தைக்கவும் மனம் வராது, எறியவும் மனம் வராது. அடுத்த விசேஷத்தில் தாம்பூலத்தோடு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். விசைத்தறிக் கூடங்களில் மிஞ்சிய லுங்கித் துண்டுகளும் அதே மூட்டையில் சேர்ந்துகொள்ளும்.

துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைக்கப் பழகிய பெண்களே, “துணி குவிந்து கிடக்கிறது, உட்காரத்தான் மனம் வரவில்லை” என்று என்னிடம் சொல்வார்கள். புதிய டிசைன் காட்டினால் ஆர்வம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. யாருக்குத் தைக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். ஒரு பெயர் வாயில் வந்துவிட்டால், கை தானாக மூட்டையை அவிழ்க்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். 1942-ல் அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவர் வயலுக்கு உடுத்திச் சென்ற உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளத்தான். 2002-ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. எனக்கு அந்தச் சுவர்களைவிட அந்த வயல்சட்டைதான் பெரிது.

உங்கள் மூட்டைக்கு வருவோம். நடை பழகும் பேத்திக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பருத்தியைப் பிரிக்க வேண்டும். ஓரத்தில் ஓர் இழையை உருவி, கிண்ணத்தின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடுகு போல் கெட்டியாக நிற்கும். பருத்தியை மட்டும் எடுத்து, கஞ்சியும் சாயமும் போக அலசி, தேய்த்து, ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி ஒன்றிலேயே முப்பதுக்கு மேல் கிடைக்கும். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். வரிசைக்குப் பத்து, பத்து வரிசை. 45 அங்குலப் போர்வை. மாமி கொடுத்த கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் லுங்கிக் கட்டத்தை வைத்துப் பாருங்கள், அத்தனை அழகு!

நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம். நடுவில் நைந்த பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, அடியில் ஒரு லுங்கி. மூன்றையும் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூலோட்டிக்கொண்டு, பிறகு தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் புடைத்துக்கொள்ளும்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். சாயங்காலம் ஒரு வரிசை இணைத்தால் போதும். வரிசை ஏற ஏற, இது யார் கொடுத்தது, எந்த விசேஷத்தில் என்று பேச்சு வரும். பேத்திக்கு அதையும் சொல்லிக் கொடுங்கள்.

பாலியெஸ்டர் துண்டுகளை எறிய வேண்டாம். நீளமாகக் கிழித்துப் பின்னினால் நல்ல கால்மிதி ஆகும். வணக்கம்.