யாரென்று தெரியாதவரைச் சுட்ட ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கையெழுத்து இல்லாத ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதியவர் ஆணா பெண்ணா என்று அறிய வழியில்லை. ‘இதை எழுதியவர் தம் பெயரைக் குறிப்பிடவில்லை’ என்று தமிழில் சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். இதே செய்தியை, பழைய பள்ளி இலக்கணம் கற்பித்த முறைப்படி ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவர், ‘பெயர்’ என்னும் சொல்லுக்கு ஒரு சொல் முன்பாகவே நின்றுவிடுவார். அவனுடைய பெயரா, அவளுடைய பெயரா? தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னால்தான் வாக்கியம் முடியும். ஆங்கிலத்தின் எல்லை என்று இந்த உரையில் நான் குறிப்பிடுவது இந்த இடத்தைத்தான்.

மொழிகள் தம்முள் வேறுபடுவது எதைச் சொல்ல இயலும் என்பதைவிட, எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதிலேயே என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959இல் வெளிவந்த கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். சுற்றிவளைத்தாவது எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு மொழியும் தன்னைப் பேசுபவரிடம் சில கேள்விகளுக்குக் கட்டாயமாக விடை வாங்குகிறது. கேட்பவரும் சேர்த்தியா இல்லையா என்று முடிவுசெய்யாமல் தமிழில் ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. பிரெஞ்சையும் ஜெர்மனையும் போல மேசைக்கும் நிலவுக்கும் பால் வகுக்கும் வழக்கமும் இன்றைய ஆங்கிலத்துக்கு இல்லை. தமிழ் வினைமுற்றில் வருகிற ஆன், ஆள் விகுதிகளுக்கு ஈடானதும் அங்கே கிடையாது. படர்க்கையில் ஒரே ஒரு மனிதரைச் சுட்டும்போது மட்டும் அது திடீரென்று விழித்துக்கொண்டு, ‘ஹீ’யா ‘ஷீ’யா என்று கேட்கிறது.

இந்தக் கேள்வி ஒரு பழைய இலக்கண முறையின் எச்சம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், பொது என்னும் மூன்று இலக்கணப் பால்களுள் ஒன்று உண்டு. கல் ஆண்பால். பெண்ணைக் குறித்த ‘வீஃப்’ என்னும் சொல் பொதுப்பால். அதனோடு ‘மன்’ சேர்ந்து பிறந்ததும், இன்றைய ‘வுமன்’ என்பதற்கு மூலமானதுமான ‘வீஃப்மன்’ ஆண்பால். பொருளுக்கும் இலக்கணத்துக்கும் இப்படியொரு பிணக்கு இருந்தும் யாரும் தடுமாறவில்லை. இடைக்காலத்தில் சொற்களின் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தபோது இந்தப் பாகுபாடும் உதிர்ந்தது. சுட்டுப்பெயர்களில் மட்டும் தங்கிவிட்டது. அங்கும் அது உறுதியாக நிற்கவில்லை. சில வட்டார வழக்குகளில் ஒலிமாற்றத்தால் ஆண்பாற் சொல்லும் பெண்பாற் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலியாகக் கலந்துவிட்டன. 12ஆம் நூற்றாண்டிலிருந்து காணப்படும் ‘ஷீ’ என்ற வடிவம் வேரூன்றியதற்கு இந்தக் குழப்பமே காரணம் என்று கருதுவோர் உண்டு. அது சரியென்றால், பொதுச்சொல் ஒன்றின் வாசல்வரை போய்விட்டு ஆங்கிலம் திரும்பி வந்திருக்கிறது.

பால் தெரியாதவிடத்து என்ன செய்வது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் தந்த விடை எளிமையானது: ஆண்பாற் சொல்லே இருபாலையும் உணர்த்தும். அதை நூலில் எழுதிவைத்தவர்களுள் ஆன் ஃபிஷர் என்ற பெண் ஆசிரியரும் ஒருவர். 1850இல், சட்டங்களின் வாசகத்தைச் சுருக்குவதற்காகவே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று விதித்தது. கேட்பதற்கு இது நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் 1867ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் ‘மேன்’ என்ற சொல்லைக்கொண்டு வாக்குரிமையை விரிவாக்கியபோது, அந்தச் சொல்லில் நாங்களும் அடங்குவோம் என்று மான்செஸ்டர் பெண்கள் வழக்காடினார்கள். அடங்கமாட்டீர்கள் என்று 1868இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமையும் தண்டனையும் வரும்போது ஆண்பாற் சொல் அகன்று பெண்ணையும் இழுத்துக்கொண்டது. உரிமை வரும்போது குறுகிக்கொண்டது.

இந்த முரண்பாட்டை அமெரிக்காவின் சூசன் பி. அந்தோனி அளவுக்குக் கூர்மையாகப் பிடித்தவர்கள் குறைவு. 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் ராச்செஸ்டர் நகரில், பெண்ணாக இருந்தும் வாக்களித்த குற்றத்துக்காக அவர் கைது செய்யப்பட்டார். விசாரணைக்கு முன் ஊர் ஊராகச் சென்று ஆற்றிய உரையில் அவர் தம்மீது சார்த்தப்பட்ட ஆவணங்களையே எடுத்துக்காட்டினார். எந்தச் சட்டப்பிரிவை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டதோ அந்தப் பிரிவு முழுவதும் ஆண்பாற் சொற்களால் ஆனது. பிடியாணை, பிணைமுறி, குற்றப்பத்திரிகை என எந்தத் தாளிலும் அச்சில் பெண்பாற் சொல் ஒன்றுகூட இல்லை. நீதிமன்ற எழுத்தர் ‘ஹீ’ என்பதற்கு முன்னால் ஓர் எழுத்தை மேலே செருகி ‘ஷீ’ ஆக்கியிருந்தார், ‘ஹிஸ்’ என்பதில் ஈற்றெழுத்துகளை அடித்துவிட்டு ‘ஹெர்’ ஆக்கியிருந்தார். ‘ஹீ’ என்பது பெண்ணைக் குறிக்காது என்றால் வரி கட்டவும் தூக்கில் தொங்கவும் பெண்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். குறிக்கும் என்றால் வாக்களிக்கவும் தடையில்லை என்பது அவருடைய வாதம். 1873இல் அவருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் அதைக் கட்டவே இல்லை. ஆண்பாற் சொல் பொதுச்சொல்லாக நிற்கும் என்ற கோட்பாட்டுக்கு எதிராக எத்தனையோ ஆய்வுகள் பின்னர் வந்தன. எழுத்தர் மேலே செருகிய அந்த ஓர் எழுத்தைவிட வலுவான சான்றை நான் கண்டதில்லை.

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ‘ஹீ’ என்ற சொல்லைப் பொதுப்பொருளில் வைத்து எழுதிய வாக்கியங்களைப் படிப்பவர்களின் மனத்தில் ஆணுருவமே மிகுதியாகத் தோன்றுகிறது என்று ஜான் கேஸ்டில் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘ஹீ அல்லது ஷீ’ என்று இரண்டையும் சேர்த்து எழுதினாலும் ஆண் வாசகர்கள் பலர் அதைப் பழைய ஆண்பாலாகவே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது அவ்வாய்வின் சுவையான கூறு. இரு பால் வாசகர்களிடமும் பொதுச்சொல்லாக வேலை செய்தது ‘தே’ என்ற பன்மைச் சொல். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், தோற்றுப்போன சில முயற்சிகளைப் பார்த்துவிடலாம்.

சொல் இல்லையென்றால் ஆக்கிக்கொள்ளலாமே என்று நினைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆங்கிலத்துக்காக இவ்வாறு முன்மொழியப்பட்ட பொதுச்சுட்டுகளைத் தேடித் தொகுத்த டென்னிஸ் பேரன் என்ற அறிஞரின் பட்டியலில் 200க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றுள் நெடுநாள் பிழைத்தது ‘தொன்’. வழக்கறிஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் கிரோசட் கான்வர்ஸ், ‘தட் ஒன்’ என்ற இரு சொற்களை ஒட்டி இதை ஆக்கி 1884இல் வெளியிட்டார். பால் காட்டாத நம் ‘தான்’ போலவே இது ஒலிப்பது தற்செயல்தான். என்றாலும் தமிழ்க் காதுக்கு அது இனிமையாகவே கேட்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் இச்சொல் இடம்பெற்றது; 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் வழக்கின்மையால் நீக்கப்பட்டது.

அகராதியில் இடம்பிடித்த சொல்லும் ஏன் வாயில் ஏறவில்லை? புதிய பொருள்களுக்குப் பெயர் வைப்பதும் புதிய செயல்களுக்கு வினைச்சொல் ஆக்குவதும் எந்த மொழியிலும் அன்றாடம் நடப்பது. மூவிடப்பெயர்களோ எண்ணிக்கையில் மிகச் சிறிய, எளிதில் புதுவரவை ஏற்காத கூட்டம். அவற்றை நாம் யோசித்துத் தேர்வதில்லை. வாக்கியம் ஓடும் வேகத்தில் அவை தாமாக வந்து விழுகின்றன. ஒவ்வொரு முறையும் நினைவூட்டிக்கொண்டு சொல்ல வேண்டிய ஒரு சுட்டுப்பெயர், சுட்டப்படும் செய்தியிலிருந்து கவனத்தைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. இந்தக் கூட்டத்தில் வெளியார் நுழைந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘தே’ என்பதே ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆனால் அதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரிடம்கூட எழுவாயில் மட்டுமே ‘தே’ வருகிறது. மற்ற வேற்றுமைகளில் பழைய ஆங்கில வடிவங்களே இருக்கின்றன.

அப்படி வந்து சேர்ந்த சொல்லே, வந்த சிறிது காலத்தில், பால் தெரியாத ஒருவரைச் சுட்டும் வேலையையும் ஏற்றுக்கொண்டது. ஒருமைப் பொருளில் ‘தே’ வழங்கியதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி காட்டும் மிகப் பழைய சான்று 1375ஆம் ஆண்டுக்குரியது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் தயக்கமின்றி அப்படி எழுதியிருக்கிறார்கள். ‘தே’ பன்மை, ஆகையால் ஒருவருக்கு ஆகாது என்ற விலக்கு பின்னாளில் இலக்கண நூல்கள் போட்டது. கல்வி கற்றவர்கள் எழுத்தில் அதற்குப் பணிந்தார்கள், பேச்சில் பணியவில்லை.

எண் முரண்படுகிறதே என்ற எதிர்ப்புக்கு ஆங்கிலத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. ‘யூ’ என்பதும் பிறப்பால் பன்மைதான். ஒருமைக்கு உரியதாக இருந்த ‘தவ்’, மரியாதை கருதிப் பன்மைச் சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் பெருகப் பெருக ஒதுங்கி, கடைசியில் பொதுவழக்கிலிருந்தே மறைந்தது. அந்த மாற்றமும் எதிர்ப்பின்றி நடக்கவில்லை. ஒருவரைப் பன்மையில் விளிப்பது உண்மைக்கும் இலக்கணத்துக்கும் மாறானது என்று, குவேக்கர் என்னும் கிறித்தவ இயக்கத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸ் தம் நண்பர்களுடன் சேர்ந்து 1660இல் தனி நூலே வெளியிட்டார்; பல மொழிகளிலிருந்து சான்றுகளும் திரட்டினார். இன்று ‘யூ’வைப் பற்றி அந்த முறையீட்டை யாரும் எழுப்புவதில்லை. ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போதும் பன்மை வினையான ‘ஆர்’ வருவது யார் காதையும் உறுத்துவதில்லை.

தமிழர்களான நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘அவர்’ என்பது பலர்பாற் சொல். மதிப்புக்காக ஒருவருக்கு ஆகி, ‘அவர்கள்’ என்று பன்மைக்கு இன்னொரு வடிவம் பிறக்கவும் காரணமாயிற்று. ஆங்கிலத்தில் ‘யூ’ நடந்த அதே பாதை. ஆனால் நம் பொதுச்சொல்லுக்கு ஒரு விலை உண்டு. பாலை மறைப்பதற்காக ‘அவர்’ என்று சொல்லும்போது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மதிப்பும் சேர்ந்தே போகிறது. பால் தெரியாத ஒரு திருடரை ‘வந்தார், திறந்தார், எடுத்தார்’ என்று எழுதும்போது உள்ளூர எழும் நகைப்பு அதன் அடையாளம். பால் காட்டாமல் இருப்பதற்குத் தமிழ் உயர்வு தாழ்வைக் கேட்கிறது. ஆங்கிலம் அதைக் கேட்பதில்லை. ஒரு மொழியின் எல்லையைப் பற்றிப் பேசும்போது இந்த நேர்மையும் வேண்டும்.

சுட்டுப்பெயரில் பால் இல்லாத மொழிகள் உலகில் ஏராளம். ஃபின்னிஷ், ஹங்கேரியன், துருக்கி, பாரசீகம், வங்காளம் ஆகியவை அவற்றுள் சில. அவற்றைப் பேசும் சமூகங்கள் எல்லாம் ஆண் பெண் சமத்துவத்தில் முன்நிற்பவை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சொல் மாறினால் சமூகம் மாறிவிடும் என்று வாக்களிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நேர்வதைக் கவனிக்க வேண்டும். பால் காட்டாத துருக்கி வாக்கியங்களைக் கணினி மொழிபெயர்ப்பில் இட்டால், மருத்துவர் ஆணாகவும் செவிலியர் பெண்ணாகவும் வெளிவந்தார்கள். மூலத்தில் இல்லாத விடையை, தான் படித்த ஆங்கில எழுத்தின் பழக்கத்திலிருந்து கணினி எடுத்து நிரப்பியது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனம் இத்தகைய வாக்கியங்களுக்கு இரு பால் மொழிபெயர்ப்பையும் தரத் தொடங்கியது.

சீன மொழியின் கதை இதற்குத் தலைகீழானது. பேச்சில் ‘தா’ என்ற ஒரே சொல் எல்லோருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்தவர்கள் ‘ஷீ’க்கு இணை இல்லையே என்று வருந்தி, எழுத்தில் மட்டும் பெண்ணுக்குத் தனி வரிவடிவத்தை வழக்கில் கொண்டுவந்தார்கள், கவிஞர் லியூ பான்னோங் அதில் முன்நின்றார். பொதுச்சொல் இருந்த மொழி அன்று அதைக் குறையாக எண்ணியது.

ஆக்கிய சொல் எங்குமே வெல்லவில்லை என்று சொல்ல விடாமல் ஸ்வீடிஷ் குறுக்கே நிற்கிறது. ஆணுக்கு ‘ஹான்’, பெண்ணுக்கு ‘ஹோன்’ என்றிருந்த அம்மொழியில் ‘ஹேன்’ என்ற சொல் 1960களில் முன்மொழியப்பட்டு, நெடுங்காலம் கிடந்து, 2015இல் ஸ்வீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் இடம்பெற்றது. அண்டை மொழியான ஃபின்னிஷில் இருபாலுக்கும் பொதுவாக வழங்கும், ஏறத்தாழ இதே ஒலியுள்ள சொல் அதற்கு முன்மாதிரி. ஏற்கெனவே இருந்த இரு சொற்களின் நடுவே ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றிப் பொருந்திக்கொண்டதால் அது அந்நியமாகத் தெரியவில்லை என்று நான் கருதுகிறேன். ஆங்கிலத்தின் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டுக்கும் நடுவே அப்படி ஓர் இடம் காலியாக இல்லை.

இன்றைய விவாதம் வேறொரு படியில் நடக்கிறது. யாரென்று தெரியாதவருக்கு ‘தே’ வழங்குவது ஆறு நூற்றாண்டுப் பழக்கம். பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒருவர், தாம் ஆண் என்றோ பெண் என்றோ சுட்டப்பட விரும்பாதபோது அவருக்கு அதை வழங்குவது புதிது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் இந்தப் பொருளைச் சேர்த்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துமுறைக் கையேடும் அதே ஆண்டில் இதை ஏற்றது. புதிய வழக்கு பலருக்கு நாவில் தட்டுவது உண்மை. அந்தத் தட்டலைத் தீய எண்ணமாகக் கொள்ள வேண்டியதில்லை. அதேசமயம் அதை இலக்கணத்தின் தீர்ப்பாகவும் கொள்ள முடியாது. தம்மைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை சொல்ல விரும்பாதவரை மொழி வற்புறுத்துவது சரியா என்பதே இங்குள்ள வழக்கு. வற்புறுத்தாமல் இருக்க ஆங்கிலத்தால் முடியும் என்பதை அதன் வரலாறே சொல்லிவிட்டது.

உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குழுவையும் அதில் ஒருவரையும் பற்றிப் பேசும் பத்தியில் ‘தே’ வந்தால் அது அவரா, அவர்களா என்று வாசகர் திகைப்பது உண்டு. கவனமாக எழுதுபவர்கள் பெயரைத் திரும்பச் சொல்லியோ வாக்கியத்தை மாற்றியோ இதைச் சமாளிக்கிறார்கள். ‘யூ’ ஒருமையைப் பிடித்துக்கொண்டபோதும் இதே தொல்லை வந்தது. அப்போது பேசும் மக்கள் ‘யூ ஆல்’, ‘யூஸ்’, ‘யூ கைஸ்’ என்று தத்தம் வட்டாரங்களில் புதிய பன்மைகளைச் செய்துகொண்டார்கள், எந்த இலக்கண ஆசிரியரையும் கேட்காமல். ‘தே’ ஒருவருக்கே உரியதாக நிலைத்துவிட்டால், பலருக்கு ‘தே ஆல்’ போன்ற ஒரு வடிவம் தேவைப்படலாம். நம்முடைய ‘அவர்’ ஒருவரிடம் போய்ச் சேர்ந்தபின் ‘அவர்கள்’ வந்ததைப் போல.

நன்றி. வணக்கம்.